பாரிஸ் ஜெப நூலின் தனித்தாள்: அச்சா, கையெழுத்தா?

1500ஆம் ஆண்டையொட்டிப் பாரிஸில் உருவான ஜெப நூலின் தாள் ஒன்று விற்பனைக்கு வந்திருப்பதாகவும், அதில் பொன் தீட்டிய எழுத்துகள் இருப்பதால் அதைக் கையெழுத்துச் சுவடி என்கிறார்கள் என்றும், வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பொன்னை வைத்து முடிவு செய்யாதீர்கள். அக்காலத்தில் பிகுஷே, கெர்வெர், வெரார் போன்றோர் பாரிஸில் வெளியிட்ட அச்சு ஜெப நூல்களில், பத்தியின் முதலெழுத்துக்கு இடம் விட்டு அச்சிட்டு, பிறகு சிவப்பு, நீலம், பொன் நிறங்களைக் கையால் தீட்டுவது வழக்கம். பல பிரதிகள் காகிதத்தில் அல்லாமல், சுவடிகளைப் போலப் பதப்படுத்திய விலங்குத் தோலிலேயே அச்சாயின. சுவடியைப் போலவே தெரிய வேண்டும் என்று எழுதுவோர் வரி நேராக வர இடுவது போன்ற சிவப்புக் கோடுகளைக்கூடப் பின்னர் வரைந்து சேர்த்தார்கள். ஆகவே உருப்பெருக்கியில் ஒரே எழுத்து வரும் பல இடங்களை ஒப்பிடுங்கள்: கையெழுத்தில் வளைவு ஒவ்வொரு முறையும் சற்று மாறும், அச்சில் அநேகமாக அப்படியே திரும்ப வரும். பக்கத்தின் அடியில் நூல் கட்டுநர் தாள்களை வரிசைப்படுத்துவதற்கான சிறு எழுத்தும் எண்ணும் அச்சாகியிருந்தால் அது அச்சு நூல்தான், ஐயமே வேண்டாம்.

எனக்கு இந்த நூல்களில் மிகவும் பிடித்தவை ஓரச் சித்திரங்கள்தான். பாரிஸ் பதிப்பாளர் சிமோன் வோஸ்த்ருக்காகப் பிகுஷே அச்சிட்டவற்றில், உலோகத் தகட்டில் செதுக்கிய சிறு சிறு படங்களை அடுக்கிப் பக்கத்தைச் சுற்றிலும் கட்டியிருப்பார்கள். கரும்பின்னணி முழுவதும் பொடி வெண்புள்ளிகள் தூவியிருக்கும். இறந்தோருக்கான மன்றாட்டுப் பகுதியில் பெரும்பாலும் மரணத்தின் நடனம் வரும்: போப்பாண்டவர், பேரரசர் என்று தொடங்கி ஒவ்வொருவரின் கையையும் ஒரு பிணவுரு பற்றி அழைத்துச் செல்ல, பக்கத்துக்குச் சிலராக அந்த வரிசை தாள் தாளாக நீளும். ஒரு தாளைப் பிய்த்தெடுத்தால் கையில் இருப்பது அந்த ஊர்வலத்தில் இரண்டு மூன்று பேர் மட்டுமே.

விற்பவர் சொல்லும் ஆண்டையும் சரிபாருங்கள். ஈஸ்டர் நாள்களைக் காட்டும் பட்டியல் 1488 முதல் 1508 வரை என்றிருக்கும் நூல் 1498இலும் அச்சாகியிருக்கிறது; பட்டியலின் முதல் ஆண்டு அச்சான ஆண்டாக இருக்க வேண்டியதில்லை.

இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தைச் சேர்ந்த ஓட்டோ ஈகே பல சுவடிகளைப் பிரித்துத் தாள்தாளாக விற்றார். அந்தத் தாள்கள் எந்தெந்த நூலகங்களில் கிடக்கின்றன என்று தேடிக் கணினித் திரையிலாவது ஒன்றுசேர்க்க ஆய்வாளர்கள் இன்றும் உழைக்கிறார்கள். என்னைக் கேட்டால், தாளின் இருபுறப் படங்களையும் அது எந்த நூலிலிருந்து, எப்போது பிரிந்தது என்ற விவரத்தையும் முதலில் கேளுங்கள். அதே நூலின் வேறு தாள்களையும் உங்களுக்கு விற்பவரே அடுத்தடுத்து விற்றுக்கொண்டிருந்தால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.