வாண்டுகள் விளையாட வரும் நாள்: கேட்டதும் சொன்னதும்

குழந்தைகள் காப்பகம் ஒண்ணுல 17 வருஷம் வேலை பார்த்தவ நான். ஒன்றரை வயசுலேர்ந்து நாலு வயசு வரைக்கும் உள்ள கூட்டம்தான் பெரும்பாலும் என் கையில. இன்னொரு குழந்தை விளையாட வரும்போது வீட்டை எப்படித் தயார் பண்றதுன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ஒவ்வொண்ணா வர்றேன்.

கேள்வி: அக்கா, என் பையனுக்கு ரெண்டரை வயசு. சனிக்கிழமை அவனோட தோழன் முதல் தடவையா வர்றான். எங்கேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியல.

தரையிலேர்ந்து. விளையாட்டுக்குச் சொல்லல, நிஜமாவே முட்டி போட்டு அறையைச் சுத்தி ஒரு தடவை தவழ்ந்து பாருங்க. நின்னு பார்க்கும்போது பளிச்னு இருக்கிற அதே அறையில, சோபாவுக்கு அடியில ஒரு சட்டைப் பொத்தான் கிடக்கும். மேசை விரிப்போட நுனி சரியா அவன் கைக்கு எட்டுற உயரத்துல தொங்கும், இழுத்தா மேல இருக்கிறதெல்லாம் தலையில. ஜன்னல் திரையோட கயிறு வளையம் மாதிரி தொங்கும், கழுத்துல மாட்டுற உயரத்துல. அதை உடனே சுருட்டி மேல கட்டுங்க.

உங்க பையன் அந்த வீட்டுலயே வளர்ந்தவன். எதைத் தொட்டா திட்டு விழும்னு அவனுக்கு அத்துப்படி. வர்ற பிள்ளைக்கு ஒண்ணுமே தெரியாது. நான் ஒரு கணக்கு வெச்சிருக்கேன்: அரை மணி நேரத்துல எத்தனை தடவை "தொடாதே" சொல்ல வேண்டி வருது? மூணைத் தாண்டினா அறை இன்னும் தயாராகலைன்னு அர்த்தம். வீடு முழுக்க ஒழுங்கு பண்ண வேண்டியதில்ல. ஒரே ஒரு அறையைத் தயார் பண்ணிட்டு மத்த கதவுகளைச் சாத்திடுங்க.

கேள்வி: எது தொண்டையில அடைக்கும், எது அடைக்காதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? என் பொண்ணுக்கு 5 வயசு, வர்ற குழந்தைக்கு 2.

டாய்லெட் பேப்பர் தீர்ந்ததும் நடுவுல ஒரு அட்டைக் குழாய் மிஞ்சுமே, அதைத் தூக்கிப் போடாதீங்க. அதுக்குள்ள போற எந்தப் பொருளும் மூணு வயசுக்குக் கீழே உள்ள குழந்தை கையில இருக்கக் கூடாது. பொம்மைகளைச் சோதிக்கிற அதிகாரபூர்வக் குழாயோட விட்டம் 31.7 மில்லிமீட்டர்தான். அட்டைக் குழாய் அதைவிடக் கொஞ்சம் அகலம், அதனால இன்னும் கண்டிப்பான சோதனை.

உங்களுக்கு ஒரு சங்கடம் இருக்கு. அஞ்சு வயசுக்காரியோட பொம்மைகள்ல பாதி இந்தக் குழாய்ல போயிடும்: மணிகள், குட்டிக் கட்டைகள், பொம்மையோட செருப்பு. அதையெல்லாம் ஒரு மூடி போட்ட டப்பாவுல போட்டு அவ கையிலயே கொடுத்து, "பாப்பா போனதுக்கு அப்புறம் திறக்கலாம், நீதான் காவல்"னு சொல்லுங்க. பொறுப்பு கொடுத்தா அஞ்சு வயசு பெருமையா வாங்கிக்கும். ஆனா அது கொஞ்ச நேரத்துக்குத்தான். டப்பாவை உங்க கண்ணுல படுற இடத்துலயே வைங்க.

குழாய்ச் சோதனை போக, தனியாச் சொல்ல வேண்டியவை சில உண்டு. ஊதாத பலூன், வெடிச்ச பலூன் துண்டு ரெண்டும் தொண்டையில போய் அப்படியே ஒட்டிக்கும், எடுக்கிறது ரொம்பக் கஷ்டம். எட்டு வயசுக்குக் கீழே ஊதாத பலூன் கையிலயே கொடுக்கக் கூடாதுன்னுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்றாங்க. தண்ணியில ஊறினா பெருத்துக்கிற ஜெல் மணிகளும் வீட்டுல வேண்டாம். விழுங்கினா வயித்துக்குள்ளயும் பெருக்கும், குடலை அடைக்கும்.

கேள்வி: பட்டன் பேட்டரி ரொம்ப ஆபத்துன்னு எல்லாரும் பயமுறுத்துறாங்க. விழுங்கினா வெளியே வந்துடாதா?

பயப்பட வேண்டிய விஷயம்தான், இதுல நான் சமாதானம் சொல்ல மாட்டேன். 20 மில்லிமீட்டர் அகல லித்தியம் பேட்டரி உணவுக்குழாயில மாட்டிக்கிட்டா ரெண்டு மணி நேரத்துக்குள்ளயே கடுமையான புண்ணை உண்டாக்கும். பேட்டரி உடைஞ்சு ஒழுகணும்னு அவசியமே இல்ல. ஈரமான சதையில பட்டதும் மின்சாரம் ஓடி, அந்த இடத்துல காரப்பொருள் உருவாகி அரிச்சுடும். "செத்துப் போன பேட்டரிதானே"ன்னு விடவும் முடியாது. ரிமோட்டுல வேலை செய்யாத பேட்டரியிலகூட அரிக்கிற அளவுக்கு மின்சாரம் மிச்சம் இருக்கும்.

வீட்டுல எங்கெல்லாம் இருக்குன்னு தேடுங்க: சின்ன ரிமோட், எடை பார்க்கிற மெஷின், டிஜிட்டல் தெர்மாமீட்டர், மினுக்கும் மெழுகுவத்தி, திறந்தா பாடுற வாழ்த்து அட்டை. அந்த வாழ்த்து அட்டையைத்தான் எல்லாரும் மறந்துடுவாங்க. மூடியில திருகாணி இருக்கா, இறுக்கமா இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா அந்தப் பொருள் அன்னைக்கு உயரமான அலமாரிக்குப் போகட்டும்.

விழுங்கிட்டதா சந்தேகம் வந்தாலே போதும், நேரா அவசர சிகிச்சைக்கு. வாந்தி எடுக்க வைக்காதீங்க. ஒரு வயசு தாண்டின குழந்தை, விழுங்கி 12 மணி நேரம் ஆகல, முழுங்க முடியுதுன்னா, போற வழியில 10 நிமிஷத்துக்கு ஒரு தடவை 2 டீஸ்பூன் தேன் கொடுக்கலாம், மொத்தம் 6 தடவைக்கு மேல வேண்டாம். தேன் தேடிக்கிட்டு நேரத்தை மட்டும் வீணாக்காதீங்க. காந்தமும் இதே ரகம்தான். ரெண்டு குட்டிக் காந்தம் உள்ளே போனா குடலோட ரெண்டு மடிப்பை ஒண்ணோட ஒண்ணு இழுத்து ஓட்டை போட்டுடும்.

கேள்வி: விருந்தாளிக் குழந்தைக்காகப் புது பொம்மை நிறைய வாங்கி வெச்சிருக்கேன். எல்லாத்தையும் பரப்பி வைக்கலாமா?

வேண்டாம். நாலஞ்சு போதும். 2018-ல அமெரிக்காவுல டொலிடோ பல்கலைக்கழகத்துல 36 குழந்தைகளை வெச்சு இதைப் பார்த்தாங்க. எல்லாம் ஒன்றரை வயசுலேர்ந்து ரெண்டரை வயசு. 16 பொம்மை இருந்தப்பவும் 4 பொம்மை இருந்தப்பவும் எப்படி விளையாடுறாங்கன்னு. நாலு இருந்தப்போதான் ஒவ்வொண்ணோடயும் அதிக நேரம், விதவிதமா விளையாடினாங்க. காப்பகத்துல நாங்க கண்ணால பார்த்ததும் அதேதான். பொம்மை குவிஞ்சு கிடந்தா குழந்தை விளையாடாது, கொட்டும்.

எதை வைக்கிறதுன்னா, ஒரே மாதிரி ரெண்டு இருக்கிற பொருள். ரெண்டு பந்து, ரெண்டு காலி அட்டைப்பெட்டி, ரெண்டு மர கரண்டி. கட்டைகள்னா ரெண்டு குவியலாப் பிரிச்சு வைங்க. புது பொம்மையை ஒளிச்சு வெச்சுட்டு, முக்கால் மணி நேரம் கழிச்சு சுருதி இறங்கும்போது ஒண்ணு எடுங்க.

கேள்வி: என் பையன் எதையும் யாருக்கும் தர மாட்டான். போன தடவை ஒரே அடிதடி, அந்தக் குழந்தையோட அம்மா முகத்தையே பார்க்க முடியல.

எவ்வளவு வயசுன்னு நீங்க சொல்லல. மூணுக்குக் கீழேன்னா வெட்கப்பட ஒண்ணுமில்ல. அந்த வயசுல குழந்தைகள் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து தனித்தனியா விளையாடுறதுதான் வழக்கம். மில்ட்ரெட் பார்ட்டன்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் 1932-லயே இதை வகைப்படுத்தி எழுதியிருக்காங்க: தனியா விளையாடுறது, மத்தவங்க விளையாடுறதை வேடிக்கை பார்க்கிறது, பக்கத்துல இருந்து விளையாடுறது, கடைசியிலதான் சேர்ந்து விளையாடுறது. சும்மா வேடிக்கை பார்க்கிற குழந்தையும் அந்தப் படியில ஒரு இடத்துலதான் நிக்குது. அதைப் பிடிச்சுத் தள்ளி "போய் சேர்ந்து விளையாடு"ன்னு சொல்ல வேண்டாம்.

அடிதடிக்கு ஒரு வழி உண்டு. குழந்தை வர்றதுக்கு முன்னாடி உங்க பையனைக் கூப்பிட்டு, "எதையெல்லாம் அவன் தொடக் கூடாது, நீயே சொல்லு"ன்னு கேளுங்க. அவன் காட்டுறதை அவன் கண்ணு முன்னாடியே அலமாரியில வெச்சுப் பூட்டுங்க. நீங்களா ஒளிச்சு வெச்சா நடுவுல ஞாபகம் வந்து தேடி அழுவான். ஒரு பையன் எங்ககிட்ட தேய்ஞ்சு போன ஒரு துணியைக் கொண்டு வந்து கொடுத்தான், கார் எதையும் கொடுக்கல. எது உயிர்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

கேள்வி: குழந்தைகள் விளையாடும்போது நாங்க பெரியவங்க சூடா ஏதாவது குடிச்சுக்கிட்டே பேசலாம்ல?

பேசுங்க. சூடானதை மட்டும் அந்த அறைக்குக் கொண்டு வராதீங்க. போட்டு 15 நிமிஷம் ஆன பானம்கூட சின்னக் குழந்தையோட தோலைச் சுட்டுடும். அவங்க தோல் நம்ம தோலைவிட மெலிசு. கொட்டிடுச்சுன்னா, குழாய்த் தண்ணியில 20 நிமிஷம் காட்டுங்க. ஐஸ், பற்பசை எதுவும் வேண்டாம்.

கேள்வி: கண்ணாமூச்சி விளையாடுவாங்க. அலமாரிக்குள்ள ஒளியறதுல ஏதாவது பிரச்சினை இருக்கா?

ரெண்டு இருக்கு. ஒண்ணு, இழுப்பறை வெச்ச அலமாரியை ஏணி மாதிரி ஏறினா அது அப்படியே முன்னாடி சாயும். சுவரோட பட்டை போட்டு இறுக்கி வைங்க, டிவியையும் சேர்த்து. இன்னொண்ணு பாச்சை உருண்டை. மிட்டாய் மாதிரியே இருக்கும். நாப்தலின் உருண்டை ஒண்ணு வயித்துக்குள்ள போனாலே சில குழந்தைகளுக்கு, முக்கியமா ஜி6பிடி நொதி குறைவா உள்ளவங்களுக்கு, ரத்தச் சிவப்பணுக்கள் உடையும். வர்ற குழந்தைக்கு அது இருக்கா இல்லையான்னு நமக்கு எப்படித் தெரியும்? எடுத்துடுங்க.

கதவுக்கு ஒரு சின்ன வித்தை. ஒரு தடிமனான துண்டை மடிச்சுக் கதவோட மேல் விளிம்புல போட்டு விடுங்க. கதவு முழுசா மூடாது, விரல் நசுங்காது, உள்ளே தாழ் போட்டுக்கவும் முடியாது.

கேள்வி: வேற எதை மறந்துடுவோம்?

வர்ற அம்மாவோட கைப்பை. மாத்திரை, சில்லறை, சானிடைசர் எல்லாம் அதுலதான் இருக்கும், தரையிலதான் வைப்பாங்க. வந்ததும் "பையைக் கொடுங்க, மேல மாட்டிடறேன்"னு வாங்கிடுங்க. அப்புறம் குளியலறை வாளி. சின்னக் குழந்தை மூழ்க அஞ்சு சென்டிமீட்டர் தண்ணி போதும், அதனால வாளியைக் கவிழ்த்து வைங்க. மணி பிளான்ட் இலையைக் கடிச்சா வாய் எரியும், தொட்டியை மேல ஏத்துங்க.

கேள்வி: சாப்பிட என்ன கொடுக்கிறது?

முதல்ல ஒவ்வாமை என்னன்னு கேளுங்க, முந்தின நாளே. முழுக் கொட்டைப் பருப்பும் பாப்கார்னும் நாலு வயசுக்குக் கீழே கிடையாது. திராட்சைன்னா நீளவாக்குல நாலா வெட்டுங்க. குறுக்க வெட்டினா வட்டமாவே இருக்கும், அதுவும் அடைக்கும். உட்கார வெச்சுக் கொடுங்க. வாயில வெச்சுக்கிட்டு ஓடினா அதுதான் வம்பு.

கேள்வி: நாயைக் கட்டிப் போட்டா போதுமா? எங்க நாய் சாது.

வேற அறை, கதவு சாத்தி. உங்க குழந்தைக்குத்தான் அது சாது.

கேள்வி: முந்தாநாள் வயித்துப்போக்கு, இப்ப நல்லா இருக்கான். கூப்பிடலாமா?

கடைசியா போனதுலேர்ந்து 48 மணி நேரம் ஆகணும். ஆகலைன்னா தள்ளிப் போடுங்க.

கேள்வி: எவ்வளவு நேரம் வைக்கலாம்? போகும்போது ஒரே அழுகை.

ரெண்டு, மூணு வயசுக்கு ஒரு மணி நேரம், மிஞ்சிப் போனா ஒன்றரை. தூங்கி எழுந்த பிறகு வரச் சொல்லுங்க, தூக்க நேரத்துக்கு முன்னாடி வேண்டாம். அழுகைக்குக் காரணம் பெரும்பாலும் திடீர்னு நிறுத்துறதுதான். அஞ்சு நிமிஷம்னு சொன்னா அவங்களுக்குப் புரியாது. "இன்னும் ரெண்டு தடவை சறுக்கிட்டுக் கிளம்பலாம்"னு சொல்லுங்க, எண்ணிக்கை புரியும். பிறகு பொம்மைகளை டப்பாவுல போடுற வேலையை வர்ற குழந்தைக்கே கொடுங்க. பந்தை டப்பாவுக்குள்ள எறியறது அவங்களுக்கு இன்னொரு விளையாட்டு. கடைசிப் பந்து விழுந்ததும் செருப்பை எடுத்து நீட்டுங்க.