மலை நாயை மே மாதத்தில் கீழே இறக்கும்போது

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறோம். எங்கள் லேப்ரடாருக்கு நாலு வயது. போன வருடம் மே மாதம் காரில் கோவை போனபோது, மேட்டுப்பாளையம் தாண்டியதும் பயங்கரமாக இரைத்தது, நாக்கு செக்கச்செவேல் என்றாகி வாந்தியும் எடுத்தது. பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஜன்னி வந்துவிடும், ஈரச் சாக்கைப் போர்த்து என்றார் கூட வந்த மாமா. எப்படியோ சரியாகிவிட்டது. அடுத்த வாரம் மறுபடி போகிறோம், என்ன செய்வது?

பதில்: முதலில் மாமா சொன்னதற்கு வருகிறேன், ஏனென்றால் வெப்பத் தாக்கு (ஹீட் ஸ்ட்ரோக்) வரும்போது அந்தத் தயக்கத்தில்தான் நாய்கள் சாகின்றன. தண்ணீரை ஊற்றுங்கள். நாயின் உடம்பைவிடக் குளிர்ச்சியான எந்தத் தண்ணீரும் சரி, குழாயோ கடையில் வாங்கிய பாட்டிலோ, யோசிக்கவே வேண்டாம். குளிர்ந்த தண்ணீர் ஆகாது என்று டாக்டர்களே ஒரு காலத்தில் சொன்னோம், இப்போது சொல்வதில்லை. ஈரச் சாக்கைப் போர்த்தினால் கொஞ்ச நேரத்தில் அதுவே சூடாகி, உடம்பின் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கும்.

நிழலில் நிறுத்தி, கழுத்துப் பட்டையைக் கழற்றி, வயிறு, தொடை இடுக்கு, கழுத்து எல்லாம் முடியின் அடிவரை நனையும்படி விடாமல் ஊற்றுங்கள், இன்னொருவர் விசிறட்டும். வாயிலும் மூக்கிலும் தண்ணீர் போகக் கூடாது. தானாகக் குடித்தால் குடிக்கட்டும், மயங்கிக் கிடக்கும் நாய்க்குப் புகட்டினால் நுரையீரலுக்குள் போய்விடும். காய்ச்சல் மாத்திரை கொடுக்கவே கொடுக்காதீர்கள், இது காய்ச்சலே இல்லை.

பத்து நிமிடம் தண்ணீர் ஊற்றிவிட்டு, அப்புறம் டாக்டரிடம் கிளம்புங்கள், ஏசி காற்று நேராக நாய் மேல் படட்டும். ஒரு தெர்மாமீட்டர் வைத்திருந்தால் நல்லது. ஆசனவாயில் வைத்துப் பார்த்தால் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை சாதாரணம், 105ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. 103.5க்கு இறங்கியதும் தண்ணீரை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் சூடு ஒரேயடியாகக் கீழே போய்விடும்.

எழுந்து வாலாட்டினாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். சிறுநீரகம், மூளை, ரத்தம் உறையும் தன்மை இவற்றில் ஏற்படும் கோளாறு இரண்டு மூன்று நாள் கழித்தும் தலைகாட்டும். மலத்தில் ரத்தம், சிறுநீர் கருத்துப் போவது, ஈறில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் உடனே ஓடுங்கள். போன வருடம் நீங்கள் பார்த்ததே வெப்பத் தாக்கின் ஆரம்பம்தான். அடுத்தது கெட்டியான எச்சில் நூலாக வடியும், கால் தள்ளாடும், கூப்பிட்டால் திரும்பாது, வலிப்பு வரும், ஈறு வெளுத்து நீலமாகும்.

நாய்க்கு வியர்வை பாதத்தில் மட்டும்தான், அதுவும் கொஞ்சம். மற்றதெல்லாம் இரைத்துத்தான் ஆற்ற வேண்டும், அடிவாரத்துப் புழுக்கத்தில் அதுவும் சரியாக வேலை செய்யாது. கோவையிலேயே வளர்ந்த நாயின் உடம்பு வெயிலுக்குப் பழகியிருக்கும், அப்படிப் பழக நாள் கணக்கில், சில சமயம் வாரக் கணக்கில் ஆகும். உங்கள் நாயோ ஒன்றரை மணி நேரத்தில் 1,400 மீட்டருக்கு மேல் இறங்கிவிடுகிறது. எடை கூடிய லேப்ரடார் என்றால் இன்னும் கஷ்டம். பக் மாதிரி மூக்கு சப்பிய நாயை நான் மே மாதத்தில் இறக்கவே விடமாட்டேன்.

ஒரு நாள் வேலைதான் என்றால் வீட்டில் விட்டுச் செல்லுங்கள், பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் போதும். போய்த்தான் ஆக வேண்டும் என்றால் விடியுமுன் கிளம்புங்கள், வாய்க்கட்டு வேண்டாம், அடிவாரம் வருமுன்பே ஏசியைப் போடுங்கள், நாலைந்து பெரிய பாட்டில் தண்ணீர் கூடவே இருக்கட்டும். கோவையில் நடை எல்லாம் ஏழு மணிக்குள், இல்லையென்றால் இருட்டிய பிறகு. வெயிலுக்காக முடியை ஒட்ட மழிக்காதீர்கள், நன்றாகச் சீவிவிட்டால் போதும்.

மேலே இருக்கும்போதும் ஒரு விஷயம். ஊட்டியில் வெளியே 22 டிகிரி செல்சியஸ்தானே என்று வெயிலில் நிறுத்திய காரில் நாயைப் பூட்டிவிட்டுப் போகிறவர்களை சீசனில் நிறையப் பார்க்கிறேன். அந்தக் கார் ஒரு மணி நேரத்தில் 40ஐத் தாண்டிவிடும், ஏறும் சூட்டில் பெரும்பங்கு முதல் அரை மணியிலேயே ஏறிவிடுகிறது. கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைப்பதில் பெரிய பலன் எதுவும் கிடையாது.