புது லேப்டாப்பில் மென்பொருள் ஏறவில்லையா? ஃபார்மட் வேண்டாம்

புது லேப்டாப்பை ஃபார்மட் செய்ய, அதாவது எல்லாவற்றையும் அழித்து விண்டோஸை மறுபடி ஏற்ற, லேப்டாப் கடைக்காரர் 1,500 ரூபாய் கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். கொடுக்காதீர்கள். குமுளி ஏலக்காய்க் கடைக்கான கணக்கு மென்பொருளை நிறுவப் போனால் ‘ஸ்டோர் செயலிகள் மட்டும்’ என்று தடுக்கிறது என்கிறீர்கள். அது பழுது இல்லை, பெரும்பாலும் விண்டோஸ் ‘எஸ் மோடு’: மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் உள்ள செயலிகளை மட்டும் நிறுவ விடும் பாதுகாப்பு முறை. இலவசமாகவே எடுத்துவிடலாம்.

முதலில் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் போய்ப் பாருங்கள். விண்டோஸ் 11 ஹோம் என்பதோடு ‘எஸ் மோடு’ என்றும் இருந்தால் அதேதான். இல்லையென்றால் ஆப்ஸ் பகுதியின் அட்வான்ஸ்டு ஆப் செட்டிங்ஸில், செயலிகளை எங்கிருந்து பெறலாம் என்ற இடத்தை ‘எனிவேர்’ ஆக்கினால் போதும்.

எஸ் மோடு என்றால்:

1. செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன்.
2. ‘ஸ்விட்ச் டு விண்டோஸ் 11 ஹோம்’ என்பதில் ‘கோ டு தி ஸ்டோர்’.
3. திறக்கும் பக்கத்தில் ‘கெட்’. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருக்க வேண்டும்.

உங்கள் கோப்புகள் அப்படியே இருக்கும். அங்கேயே ‘அப்கிரேட் யுவர் எடிஷன்’ என்றும் ஒன்று இருக்கலாம். அதைத் தொடாதீர்கள், அது ப்ரோ பதிப்பைக் காசுக்கு வாங்கச் சொல்லும்.

கம்பத்தில் என் அக்காவுக்கும் இப்படித்தான் ஒரு கடையில் எஸ் மோடு லேப்டாப்பைச் சொல்லாமல் விற்றார்கள். இரண்டு நாள் தவித்தாள். விற்கும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும், எனக்கு இன்னும் கோபம்தான்.

ஒன்று மட்டும்: வெளியே வந்தால் மறுபடி எஸ் மோடுக்குப் போக முடியாது. அப்புறம் கண்ட பென் டிரைவிலிருந்தும் எதையும் நிறுவாதீர்கள், கணக்கு மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள்.