திருச்சித் தம்பிக்கு: டிக்கெட் வாங்காத லண்டன்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்துச் சிரித்துவிட்டேன். வேலைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, ஈஸ்ட் ஹாமில் நான்கு பேரோடு வீடு எடுத்து இருக்கிறீர்கள், பிக் பென், டவர் பிரிட்ஜ், அரண்மனை எல்லாம் முதல் பத்து நாளிலேயே முடிந்துவிட்டன. உள்ளே போக டிக்கெட் விலையைப் பார்த்தால் ரூபாயில் பெருக்கிப் பார்த்துத் திரும்பிவிடுகிறீர்கள். சனி ஞாயிறு தூக்கத்திலேயே போகிறது, ஜூலையில் அப்பா அம்மா வேறு வருகிறார்கள். "அக்கா, இந்த ஊரில் இதற்கு மேல் என்னதான் இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெருக்கிப் பார்க்கும் வியாதி இரண்டு வருடத்தில் போய்விடும். மற்றதற்குப் பதில் சொல்கிறேன்.

நான் வந்தது 2006 நவம்பரில். கணவருக்கு வேலை இருந்தது, எனக்கு ஏழு மாதம் கிடைக்கவில்லை. மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும், வீட்டுக்குள் உட்கார்ந்தால் அழுகை வரும். ஒரு வாரப் பஸ் பாஸை வாங்கிக்கொண்டு காலையில் கிளம்பிவிடுவேன். எங்கே போகிறது என்று பார்க்காமல் ஏறுவேன், சுவாரசியமாக ஏதாவது தென்பட்டால் இறங்குவேன். கீழே சொல்லும் பல இடங்கள் அப்படிக் கிடைத்தவைதான்.

முதலில், நீங்கள் தினமும் ஏறும் டிஸ்ட்ரிக்ட் லைனிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அதன் இன்னொரு கிளை பேஸ்வாட்டருக்கும் பாடிங்டனுக்கும் நடுவே ஓடுகிறது. அந்தப் பாதைக்கு மேலே லென்ஸ்டர் கார்டன்ஸ் என்று ஒரு தெரு இருக்கிறது. பணக்காரத் தெரு, வெள்ளை வெளேரென்று தூண் வைத்த வீடுகள். அதில் 23, 24 ஆம் எண் வீடுகளை மட்டும் உற்றுப் பாருங்கள். ஜன்னலில் கண்ணாடி கிடையாது, பெயின்ட் அடித்திருக்கும். கதவில் கடிதம் போடும் துளை கிடையாது. வீடே கிடையாது, தம்பி. முன்சுவர் மட்டும்தான். 1860களில் இந்தப் பாதையைத் தோண்டியபோது ஓடியவை நீராவி எஞ்சின்கள். சுரங்கத்துக்குள்ளேயே புகையை விட முடியாது, அங்கங்கே திறந்தவெளி வேண்டும். அதற்காக இரண்டு வீடுகளை இடித்தார்கள். தெருவின் அழகு கெடக்கூடாது என்று பக்கத்து வீடுகளைப் போலவே ஒரு பொய் முகம் கட்டி நிறுத்திவிட்டார்கள். பின்பக்கம் போர்செஸ்டர் டெரஸ் தெருவுக்குப் போய் எட்டிப் பார்த்தால் குழியும் தண்டவாளமும் தெரியும், சமயத்தில் ரயிலும் போகும்.

என் அப்பா இங்கே வந்தபோது அங்கே கூட்டிப்போனேன். பொதுப்பணித் துறையில் முப்பது வருடம் இருந்தவர். ஐந்து நிமிடம் ஒன்றும் பேசாமல் பார்த்துவிட்டு, "இதுக்கு வீட்டு வரி யாரும்மா கட்டுறா?" என்று கேட்டார். ஊருக்குத் திரும்பிய பிறகு பிக் பென்னைப் பற்றி ஒருவரிடமும் பேசவில்லை. பொய் வீட்டுக் கதையைத்தான் கும்பகோணம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்தது. செயின்ட் பால்ஸ் ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிட நடை, போஸ்ட்மேன்ஸ் பார்க். பக்கத்தில் தலைமைத் தபால் நிலையம் இருந்த காலத்தில் தபால்காரர்கள் மதியம் வந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள், அதனால் அந்தப் பெயர். பழைய தேவாலயக் கல்லறைத் தோட்டம்தான். உள்ளே ஒரு தாழ்வாரம், அதன் சுவர் முழுக்கப் பீங்கான் ஓடுகள். ஒவ்வொன்றிலும் ஒருவர் பெயர், இன்னொருவரைக் காப்பாற்றப் போய் எப்படி இறந்தார் என்று இரண்டு மூன்று வரி. ஜி.எஃப். வாட்ஸ் என்ற ஓவியரின் யோசனை இது. 1887இல் விக்டோரியா ராணியின் பொன்விழாவுக்கு இப்படி ஒன்று செய்யுங்கள் என்று கேட்டுப் பார்த்தார், யாரும் கண்டுகொள்ளவில்லை. கடைசியில் 1900இல் தானே முன்னின்று செய்துவிட்டார்.

அலிஸ் அயர்ஸ் என்று ஒரு பெண், கொத்தனாரிடம் கூலி வேலை பார்த்தவரின் மகள். 1885இல் வீடு தீப்பிடித்தபோது மெத்தையை ஜன்னல் வழியே தெருவில் போட்டு, மூன்று குழந்தைகளை ஒவ்வொருவராக அதில் இறக்கிவிட்டார். தான் குதிக்கும்போது தவறி விழுந்து இறந்துபோனார். இன்னொரு ஓட்டில் நாடகக்காரப் பெண் சாரா ஸ்மித். கூட நடித்தவளின் உடையில் பற்றிய தீயை அணைக்கப் போனாள், அவள் உடையும் சட்டென்று பற்றும் துணி. ஜெனரல், பிரபு என்று ஒரு சிலையும் அங்கே கிடையாது. ஊரில் நடுகல் பார்த்திருப்பீர்கள். ஆநிரை மீட்கப் போனவனுக்கு, புலியோடு மோதியவனுக்கு ஊரார் நட்ட கல். இதையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். 2007இல் தேம்ஸ்மீடில் தண்ணீரில் விழுந்த சிறுவனைக் காப்பாற்றி உயிர் விட்ட லீ பிட் என்ற இளைஞரின் பெயரும் பிறகு சேர்ந்தது. வேலை கிடைக்காத அந்தக் குளிர்காலத்தில் வாரம் ஒரு முறையாவது அங்கே போய் டப்பாவில் கொண்டுபோன புளிசாதத்தைச் சாப்பிட்டேன். அங்கே உட்கார்ந்தால் என் கஷ்டம் கொஞ்சம் சிறியதாகத் தெரிந்தது.

சர் ஜான் சோன் மியூசியம் வேறு ரகம். லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் பக்கம், ஹோல்பர்ன் ஸ்டேஷன். காசு கிடையாது. சோன் ஒரு கொத்தனாரின் மகன், பேங்க் ஆஃப் இங்கிலாந்துக் கட்டடத்தை வடிவமைக்கும் அளவுக்கு வளர்ந்தவர். கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கிச் சேர்த்த மனிதர். எகிப்திய அரசன் முதலாம் சேத்தியின் கல் சவப்பெட்டி விலைக்கு வந்தபோது பிரிட்டிஷ் மியூசியம் பணம் அதிகம் என்று விட்டுவிட்டது. இவர் 2000 பவுண்டு கொடுத்து 1824இல் வாங்கி, வீட்டின் அடித்தளத்தில் வைத்து, மூன்று நாள் விளக்கேற்றி விருந்து வைத்தார். ஓவிய அறையில் நின்றால் அங்கே இருக்கும் ஊழியர் சுவரைக் கதவு மாதிரித் திறப்பார், உள்ளே இன்னொரு வரிசை ஓவியங்கள் இருக்கும். இதெல்லாம் கலையாமல் இருப்பதற்குக் காரணம் ஒரு குடும்பச் சண்டை. மகன் ஜார்ஜோடு ஒத்துப்போகவில்லை. சொத்து அவன் கைக்குப் போகக்கூடாது என்று 1833இல் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே போட வைத்து, வீட்டை அப்படியே நாட்டுக்கு எழுதிவைத்துவிட்டார். நம் ஊரில் பாகப்பிரிவினை வழக்கு பார்த்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். திங்கள், செவ்வாய் மூடியிருக்கும். உள்ளே இடம் குறுகல், பெரிய பையோடு போகாதீர்கள்.

கிரீனிச்சுக்குப் போட்டில் போகச் சொல்வார்கள். ஒரு தடவை நடந்து போய்ப் பாருங்கள். டி.எல்.ஆர் என்ற சின்ன ரயிலில் போய் ஐலண்ட் கார்டன்ஸ் ஸ்டேஷனில் இறங்கினால் சின்ன வட்டக் கூரைக் கட்டடம் ஒன்று இருக்கும். லிஃப்டிலோ படியிலோ கீழே போனால் தேம்ஸ் நதிக்கு அடியில் வெள்ளை ஓடு பதித்த குழாய், கிட்டத்தட்ட 370 மீட்டர். தெற்குக் கரையில் குடியிருந்த தொழிலாளர்கள் துறைமுக வேலைக்கு வருவதற்காக 1902இல் திறந்தது. இரவு பகல் எந்நேரமும் போகலாம், இலவசம். வடக்கு முனையில் கொஞ்ச தூரம் குழாய் குறுகும். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து சேதமானதை உள்ளே இரும்பு வளையம் போட்டுச் சரிசெய்தார்கள், அதனால்தான். அப்புறம், சைக்கிள் ஓட்டக்கூடாது என்று பலகை இருக்கும். ஓட்டுவார்கள். ஓரமாக நடங்கள்.

சோஹோ சுவர்களில் மூக்கு தேடும் விளையாட்டும் ஒன்று உண்டு. தெருவெங்கும் கேமரா வைப்பதைக் கிண்டல் செய்து ரிக் பக்லி என்ற கலைஞர் 1997இல் பிளாஸ்டர் மூக்குகளைச் செய்து ஒட்டினார். மிஞ்சிய ஏழு மூக்குகளையும் பார்த்தவருக்குப் பணம் கொட்டும் என்று ஒரு கதை. நான் மூன்று பார்த்தேன், மழை வந்தது, போதும் என்று டீ குடிக்கப் போய்விட்டேன்.

கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் 1854இல் வைத்த டைனோசர் சிலைகள் இருக்கின்றன. அன்றைய அறிவுக்கு எட்டியபடி செய்தவை. இகுவானடானின் கட்டைவிரல் முள்ளை மூக்குக் கொம்பு என்று நினைத்து மூக்கில் வைத்துவிட்டார்கள். அங்கே போகும் அதே ஓவர்கிரவுண்ட் ரயில் பாதையில் ஃபாரஸ்ட் ஹில்லில் இறங்கினால் ஹார்னிமன் மியூசியம், அங்கே ஒரு வால்ரஸ். உயிருள்ள வால்ரஸ் பார்க்காத ஆட்கள் பாடம் செய்ததால், தோலில் சுருக்கம் இருக்க வேண்டும் என்று தெரியாமல் பலூன் மாதிரி அடைத்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கூடத்தில் சீரமைப்பு வேலை நடந்தது, திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். தப்பாகச் செய்ததைத் தப்பாகவே பாதுகாத்து வைத்திருக்கும் இந்தக் குணம் எனக்கு இந்த ஊரில் பிடித்த ஒன்று.

உங்களுக்கென்று ஒன்று வைத்திருக்கிறேன். ஹைகேட் முருகன் கோயிலுக்கு எப்படியும் போவீர்கள், எல்லோரும் போகிறோம். கும்பிட்டுவிட்டு நேரே பஸ் ஸ்டாப்புக்கு ஓடாமல் பக்கத்திலிருக்கும் கிராம்வெல் அவென்யூவுக்கு நடங்கள். 65ஆம் எண் வீடு. 1905இல் ஷியாம்ஜி கிருஷ்ணவர்மா இந்திய மாணவர்களுக்காகத் தொடங்கிய இந்தியா ஹவுஸ் அதுதான். சாவர்க்கர் அங்கே இருந்தார் என்று சுவரில் தகடு இருக்கிறது. தகட்டில் இல்லாத ஒருவரும் அங்கே இருந்தார்: வ.வே.சு. ஐயர். லிங்கன்ஸ் இன்னில் சட்டம் படிக்க வந்து, புரட்சிக்காரர்களோடு சேர்ந்து, போலீஸ் தேடியபோது 1910இல் தப்பிப் புதுச்சேரி போய்ச் சேர்ந்தவர், பின்னால் தமிழ்ச் சிறுகதையின் முன்னோடிகளில் ஒருவர் ஆனவர். அவர் பெயரின் முதல் 'வ' என்ன தெரியுமா? வரகனேரி. உங்கள் திருச்சி வரகனேரிதான். இப்போது யாரோ குடியிருக்கும் வீடு, மணி அடித்துவிடாதீர்கள். எதிர்ப்பக்கம் நின்று பார்த்தால் போதும்.

எங்கள் கும்பகோணத்துப் பெருமையையும் சொல்லிவிடுகிறேன். கணித மேதை ராமானுஜன் உடம்பு சரியில்லாமல் லண்டன் புட்னியில் இருந்தபோதுதான், அவரோடு வேலை செய்த கணித அறிஞர் ஹார்டி 1729 எண் டாக்சியில் பார்க்க வந்தார். சுவாரசியமில்லாத எண் என்று அவர் சொல்ல, இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்று படுக்கையிலிருந்தபடியே இவர் சொன்னார். புட்னி பக்கம் போனால் டாக்சி எண்களைப் பார்ப்பது என் வழக்கம்.

அப்பா அம்மா விஷயம். நாளுக்கு ஒரு இடம் போதும். ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் ஒரே கட்டணம்தான், அதனால் டியூப் படிகளில் அவர்களை ஏற்றி இறக்காமல் டபுள் டெக்கர் மாடியில் முன்சீட்டில் உட்கார வையுங்கள். கழிப்பறை இந்த ஊரில் பெரிய தலைவலி. இலவச மியூசியங்களில் நல்ல கழிப்பறை இருக்கும், வழியில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே தூரம் போக வேண்டாம். ஈஸ்ட் ஹாமிலிருந்து நான்காவது ஸ்டேஷன் பிராம்லி-பை-போ. அங்கிருந்து நடக்கும் தூரத்தில் கிங்ஸ்லி ஹால். 1931 வட்டமேசை மாநாட்டுக்கு வந்த காந்தி ஹோட்டல் வேண்டாம் என்று, ஏழைத் தொழிலாளர்கள் நடுவே பன்னிரண்டு வாரம் தங்கிய இடம். சுவரில் நீலத் தகடு இருக்கும், அப்பா அதன் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொள்வார். ஜூலைதானே என்று ஸ்வெட்டரை மட்டும் வீட்டில் விட்டுவிட்டு வரச் சொல்லாதீர்கள்.

இந்தச் சனிக்கிழமை மழை இல்லையென்றால் பொய் வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள். வீட்டு வரி யார் கட்டுகிறார்கள் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை, அப்பா இப்போதும் போனில் கேட்கிறார்.