ராயல் கிரெசன்ட்டின் கறுப்பு முகப்பு செங்கல்லா?

இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் கடலை நோக்கிப் பிறை வடிவில் நிற்கும் ராயல் கிரெசன்ட் வீடுகளின் முகப்பு கறுப்புச் செங்கலால் ஆனதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, 1798 முதல் 1807 வரை கட்டப்பட்ட இந்த 14 வீடுகளின் முகப்பில் செங்கல்போல் தெரிவது, 'கணித ஓடு' என்னும் விந்தையான பெயர் கொண்ட, மெருகேற்றிய சுடுமண் ஓடே ஆகும். ஓட்டின் மேற்பகுதியை மரச்சட்டத்தில் ஆணியடித்து, அதை மறைக்குமாறு அடுத்த வரிசையைப் படியவைத்து, இடைவெளிகளைச் சுண்ணாம்புச் சாந்தால் நிரப்பினால், பார்ப்பவருக்குச் செங்கல் சுவரென்றே தோன்றும். கனம் குறைவு என்பதால் வெளியே புடைத்து நிற்கும் சன்னல் மாடங்களுக்கு இது பொருந்தியது. மெருகு கடற்கரை மழையையும் தாங்கியது. 1784இல் வந்த செங்கல் வரிக்குத் தப்பவே இந்த ஓடு பயன்பட்டது என்பார்கள். அவ்வரி ஓடுகளுக்கும் உண்டு என்பதால் அக்கதையை நான் ஏற்பதில்லை. சட்டப் பாதுகாப்புப் பெற்ற கட்டடம் என்பதால், இன்று அனுமதியின்றி முகப்பின் தோற்றத்தை மாற்ற இயலாது.