செட்டிங்ஸை மாற்றினேன், நெட் மெதுவாகிவிட்டது: கேள்வி பதில்

விண்டோஸில் நெட்வொர்க் செட்டிங்ஸை மாற்றிய பிறகு வீட்டு நெட் மெதுவாகிவிட்டதாகப் பலர் கேட்டிருக்கிறீர்கள். எல்லோரும் முதலில் ஒரு சோதனை செய்துவிடுங்கள். கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே கைபேசியை வைத்து, அதே வைஃபையில் வேகத்தைப் பாருங்கள். கைபேசியில் நன்றாக வந்தால் கோளாறு கம்ப்யூட்டரில். அதிலும் மெதுவாக இருந்தால் ரவுட்டரையோ லைனையோதான் பார்க்க வேண்டும்.

கேள்வி (கோவை): அண்ணா, எங்கள் வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர். ஒரு வீடியோவில் சொன்னபடி விண்டோஸின் ஆட்டோ டியூனிங்கை நிறுத்தினேன். ஸ்பீடு டெஸ்டில் 90க்கு மேல் காட்டுகிறது. ஆனால் அமெரிக்க சர்வரிலிருந்து ஃபைல் இறக்கினால் 2 எம்பிபிஎஸ்தான் வருகிறது. லைனில் கோளாறு இல்லை என்கிறார்கள் நெட் கம்பெனிக்காரர்கள்.

பதில்: அவர்கள் சொல்வது சரிதான் தம்பி. நீங்கள் நிறுத்தியதுதான் காரணம்.

ஃபைல் இறங்கும்போது, "இவ்வளவு வரை அனுப்பு, நான் வாங்கிக்கொண்டேன் என்று சொன்ன பிறகு மேற்கொண்டு அனுப்பு" என்று உங்கள் கம்ப்யூட்டர் ஓர் அளவைச் சொல்லும். அதற்கு ரிசீவ் விண்டோ என்று பெயர். ஆட்டோ டியூனிங் இருந்தால் தேவைக்கேற்ப அது பெரிதாகும். நிறுத்திவிட்டால் 64 கேபியோடு நின்றுவிடும். இங்கிருந்து அமெரிக்காவுக்குப் போய்த் திரும்ப ஏறக்குறைய 250 மில்லி செகண்ட் ஆகிறது. அதாவது ஒரு செகண்டில் நான்கு தடவைதான் 64 கேபி வரும். அது 256 கேபி; ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்று கணக்குப் போட்டால் 2 எம்பிபிஎஸ் சொச்சம், நீங்கள் பார்த்த அதே எண். சென்னையில் இருக்கும் சர்வருக்கு 5 மில்லி செகண்ட் என்றால் அதே 64 கேபியிலேயே 100 வரை போகலாம். தவிர, ஸ்பீடு டெஸ்ட் பெரும்பாலும் ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து அளக்கும். அதனால்தான் உங்கள் கோளாறு அதில் தெரியவில்லை.

கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, அன்று அடித்த அதே கட்டளையை அடியுங்கள். கடைசியில் டிசேபிள்டு என்று இருந்த இடத்தில் மட்டும் நார்மல் என்று போடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பழைய விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இந்த விண்டோ அளவை ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் செட்டிங்ஸைச் சேமிக்கும் இடத்தில்) கையால் மாற்றியவர்களுக்கு உண்மையிலேயே பலன் கிடைத்தது. அதற்கு அடுத்த விண்டோஸ் விஸ்டா வந்ததிலிருந்து விண்டோஸே அதைப் பார்த்துக்கொள்கிறது. எக்ஸ்பிக்கு எழுதிய குறிப்புகளைப் புது விண்டோஸுக்கும் சொல்லி, ஒழுங்காக ஓடும் கம்ப்யூட்டர்களைக் கெடுக்கிறார்கள். எனக்கு வரும் கேள்விகளில் பாதி இந்த வகைதான். பார்க்க வருத்தமாக இருக்கிறது.

கேள்வி (திருச்சி): டிஎன்எஸை 1.1.1.1 என்று மாற்றினேன் சார். டவுன்லோடு வேகம் கூடவில்லை. ஒவ்வொரு பக்கமும் சில நொடி யோசித்துவிட்டுத்தான் திறக்கிறது.

பதில்: டிஎன்எஸ் தளத்தின் பெயருக்கு முகவரி தேடித் தரும், அவ்வளவுதான். டவுன்லோடு வேகம் அதனால் கூடாது. யோசித்துவிட்டுத் திறக்கிறது என்றால், டிஎன்எஸ் எண் போடும் இரண்டு பெட்டிகளில் முதல் பெட்டியில் எண்ணைத் தப்பாக அடித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அங்கே பதில் வராமல் காத்திருந்து, அப்புறம் இரண்டாவதைக் கேட்கிறது போலிருக்கிறது. திருத்திய பிறகும் அப்படியே இருந்தால் ஆட்டோமேட்டிக்குக்கே திரும்பிவிடுங்கள்.

கேள்வி (மதுரை): 300 எம்பிபிஎஸ் பிளான். டிவைஸ் மேனேஜரில் லேன் கார்டின் ஸ்பீடு அண்ட் டூப்ளெக்ஸை "100 ஃபுல் டூப்ளெக்ஸ்" என்று வைத்தேன். இப்போது 10 கூட வரமாட்டேன் என்கிறது.

பதில்: 100 என்று பூட்டிவிட்டால் மிஞ்சிப்போனால் 95 வரும். 10க்கும் கீழே போவதற்குக் காரணம் வேறு. ரவுட்டர் ஆட்டோவில் இருக்கிறது, எந்த வேகத்தில், எந்த முறையில் அனுப்புவது என்று இரண்டும் தங்களுக்குள் பேசி முடிவு செய்யும் பேச்சுவார்த்தையை நீங்கள் நிறுத்திவிட்டீர்கள். எதிர்ப்பக்கம் பதில் சொல்லாவிட்டால் ரவுட்டர் ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு இறங்கிவிடும். ஃபுல் என்றால் இரு பக்கமும் ஒரே நேரத்தில் அனுப்பலாம், ஹாஃப் என்றால் ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான். ஒரு பக்கம் ஃபுல், ஒரு பக்கம் ஹாஃப். டேட்டா மோதிக்கொண்டே இருக்கும். சாதாரணமாகப் பக்கம் திறக்கும், பெரிய ஃபைல் என்றால் படுத்துவிடும்.

ஆட்டோ நெகோஷியேஷனுக்கு மாற்றுங்கள். அதன் பிறகும் லிங்க் ஸ்பீடு 100 என்றே காட்டினால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். ஜிகாபிட்டுக்கு, அதாவது 1000 எம்பிபிஎஸுக்கு, உள்ளே இருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100க்கு இரண்டு ஜோடி போதும். பிளக்கில் ஒரு கம்பி விட்டுப்போனாலும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடக்கூடும்.

கேள்வி (யாழ்ப்பாணம்): பழைய பிரிண்டர் ஒன்றை வைஃபையில் சேர்ப்பதற்காக ரவுட்டரில் பாதுகாப்பை டிகேஐபி என்று மாற்றினோம். இப்போது வீட்டில் எல்லோருக்கும் 20 எம்பிபிஎஸ்தான்.

பதில்: டிகேஐபி பழைய வைஃபை பாதுகாப்பு முறை. அதை வைத்தால் வைஃபை 54 எம்பிபிஎஸ் லிங்க்குக்கு மேலே போகாது. 802.11என் தொடங்கி வந்த வைஃபை தரங்கள் அதோடு வேகமாக ஓட அனுமதிப்பதில்லை. 54 என்று காட்டினாலும் கைக்கு வருவது 20, 25தான். அதைவிடப் புதிய பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ2 ஏஇஎஸுக்குத் திரும்புங்கள். பிரிண்டரைக் கேபிளில் இணைத்துக்கொள்ளலாம். டிகேஐபி பாதுகாப்பிலும் பலவீனமானது, பிரிண்டருக்காக வீடு முழுவதையும் அதில் விடாதீர்கள்.

கேள்வி (சேலம்): விண்டோஸ் 20 சதவீத வேகத்தைத் தனக்கென ஒதுக்கி வைக்கிறதாமே, அதை எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். முன்னுரிமை கேட்கும் புரோகிராம் ஏதாவது ஓடினால்தான் அந்த ஒதுக்கீடு. மற்ற நேரத்தில் முழு வேகமும் உங்களுக்குத்தான்.

கேள்வி (தாம்பரம், ஓய்வு பெற்ற ஆசிரியை): பேரன் என்னென்னவோ மாற்றிவிட்டு ஊருக்குப் போய்விட்டான். எதை மாற்றினான் என்றே தெரியவில்லை. என்ன செய்வது?

பதில்: பயப்பட ஒன்றுமில்லை அம்மா. செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள் பிராக்ஸி என்று இருக்கும், நெட்டை வேறொரு கம்ப்யூட்டர் வழியாகச் சுற்றி அனுப்பும் ஏற்பாடு அது. அங்கே மேனுவல் பிராக்ஸி ஆனில் இருந்தால் ஆஃப் செய்யுங்கள். அதே போல நெட்டைச் சுற்றி அனுப்பும் விபிஎன் புரோகிராம் எதையாவது போட்டுவிட்டுப் போயிருந்தால் அதையும் நிறுத்துங்கள். பல நேரம் இதிலேயே சரியாகிவிடும்.

ஆகவில்லையென்றால் அதே நெட்வொர்க் பகுதியில் நெட்வொர்க் ரீசெட் இருக்கிறது. அதை அழுத்தினால் நெட்வொர்க் அடாப்டர்களை எடுத்துவிட்டு விண்டோஸ் புதிதாகப் போட்டுக்கொள்ளும், கம்ப்யூட்டர் ஒரு தடவை ரீஸ்டார்ட் ஆகும். உங்கள் படங்கள், ஃபைல்கள் எதற்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் வைஃபை பாஸ்வேர்டைத் திரும்பக் கேட்கும், அதை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் முதல் கேள்விக்குச் சொன்ன ஆட்டோ டியூனிங்கையும் ஒருமுறை பார்க்க வேண்டும். பேரனைப் போனில் கூப்பிட்டு அதை மட்டும் கேளுங்கள்.