ஆற்றிலே ஒரு கால், மணலிலே ஒரு கால்

கேள்வி: என் மகன் தரம் 10 படிக்கிறான். இல்ல விளையாட்டுப் போட்டி வந்தால் 100, 200, 400 மீற்றர், நீளம் பாய்தல், உயரம் பாய்தல், அஞ்சலோட்டம் எல்லாவற்றுக்கும் அவனுடைய பெயரைத்தான் கொடுக்கிறார்கள். போன முறை நீளம் பாய்தலில் நாலாமிடம். "ஆற்றிலே ஒரு கால் சேற்றிலே ஒரு கால் வைக்காதே. ஓட்டமா, பாய்தலா, ஒன்றைப் பிடி. அமெரிக்க வீரர் கார்ல் லூயிஸே ஓட்டத்தில் மினக்கெட்டபடியால்தான் நீளம் பாய்தலில் உலக சாதனை கிட்டாமல் போனவர்" என்று அவனுக்குப் பயிற்சி தருபவர் சொல்கிறார். உங்கள் கருத்து என்ன?
- ஒரு தகப்பன், சாவகச்சேரி

பதில்: பழமொழி நல்ல பழமொழிதான் ஐயா. ஆனால் அதை நீளம் பாய்கிற பிள்ளையிடம் போய்ச் சொல்லலாமா? ஒரு காலை மிதித்துக் கிளம்பும் பலகையில் வைத்து மற்றக் காலை மணலுக்கு அனுப்புவதுதானே அவனுடைய வேலை!

முதலில் அந்த உலக சாதனைக் கதையைப் பார்ப்போம். 1984 ஜனவரியில் நியூயோர்க்கில் உள்ளரங்கப் போட்டியொன்றில் லூயிஸ் பாய்ந்த 8.79 மீற்றர் இன்றைக்கும் உள்ளரங்க உலக சாதனை. நாற்பது வருடம் தாண்டியும் அதை ஒருவரும் அசைக்கவில்லை. வெளியரங்கச் சாதனை அவருக்குக் கிட்டவில்லை என்பது உண்மை. ஆனால் ஓட்டத்தில் மினக்கெட்டதுதான் காரணம் என்பதற்கு 1991 ஆம் ஆண்டு ரோக்கியோவே எதிர்ச்சாட்சி.

அந்த உலக மெய்வல்லுநர் போட்டியில் ஓகஸ்ட் 25 அன்று லூயிஸ் 100 மீற்றரை 9.86 வினாடியில் ஓடி உலக சாதனை வைத்தார். ஐந்து நாள் கழித்து நீளம் பாய்தல் இறுதி. அமெரிக்கர் பொப் பீமன் 1968 இல் மெக்சிகோவில் வைத்த 8.90 மீற்றர் உலக சாதனை அதுவரைக்கும் நின்றது. நாலாவது முயற்சியில் லூயிஸ் 8.91 பாய்ந்தார், ஆனால் பின்காற்று வினாடிக்கு 2.9 மீற்றர், அனுமதி 2.0 மட்டும்தான். வெற்றிக்குக் கணக்கு, சாதனைக்குக் கணக்கில்லை. அடுத்த சுற்றில் இன்னொரு அமெரிக்கர் மைக் பவெல் வந்து 8.95 பாய்ந்துவிட்டார். அதற்குப் பிறகும் லூயிஸ் உடைந்துபோகவில்லை, 8.87, 8.84 என்று இரண்டு பாய்ச்சல் பாய்ந்தார். அந்த 8.87 தான் சட்டப்படி அவருடைய வாழ்நாளின் மிகச் சிறந்த தூரம். அதாவது 100 மீற்றரில் உலகத்திலேயே வேகமாக ஓடிய அதே கிழமையில்தான் அவர் மிகத் தூரமும் பாய்ந்தார். பத்து வருடமாகத் தொடர்ந்து 65 நீளம் பாய்தல் போட்டிகளில் தோற்காமல் வந்தவரை அன்றைக்குத் தோற்கடிக்க ஒரு உலக சாதனையே தேவைப்பட்டது. இதில் 'மினக்கேடு' எங்கே இருக்கிறது?

நீளம் பாய்தல் என்பது ஓட்டத்தின் கடைசி எட்டு, அதாவது கடைசிக் காலடி. ஓடுபாதைக்குக் குறைந்தது 40 மீற்றர் வேண்டும் என்று விதி வைத்திருப்பது சும்மா இல்லை. உலகத் தரத்தில் பாய்கிறவர்கள் பலகையை மிதிக்க வரும்போது வினாடிக்கு 11 மீற்றர் அளவில் வருகிறார்கள். அவ்வளவு வேகத்தோடு மேலே கிளம்பக்கூடிய கோணம் ஏறத்தாழ 20 பாகைதான். தூரத்தை ஓடுபாதையிலேயே உழைத்துவிட வேண்டும்; லூயிஸ் காற்றில் கால் மாற்றி நடப்பதெல்லாம் உடம்பு முன்னுக்குக் கவிழாமல் இருக்கத்தான். ஹூஸ்ரன் பல்கலைக்கழகத்தில் ரொம் ரெல்லெஸ் என்ற ஒரே பயிற்றுநர் அவருக்கு ஓட்டத்தையும் பாய்தலையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தார். அவருக்கு முன்னால் ஜெசி ஓவன்சும் இரண்டிலும்தான் நின்றார்: 1936 பேர்லினில் 100, 200, நீளம் பாய்தல், அஞ்சலோட்டம், நான்கிலும் தங்கம். 1984 இல் லொஸ் ஏஞ்சல்சில் லூயிஸ் எடுத்ததும் அதே நான்குதான்.

அந்த லொஸ் ஏஞ்சல்ஸ் நீளம் பாய்தல்தான் உங்கள் மகனுக்குத் தேவையான பாடம். முதல் முயற்சியில் 8.54. இரண்டாவது முயற்சி பிழைத்தது. மிச்சம் நாலு முயற்சி இருந்தது. லூயிஸ் நாலையும் வேண்டாம் என்று விட்டுவிட்டு உடுப்பை மாட்டிக்கொண்டார். அன்றைக்குத்தான் 200 மீற்றர் ஆரம்பச் சுற்றுகளையும் ஓடியிருந்தார். இறுதியும் அஞ்சலோட்டமும் இன்னும் கிடந்தன. பீமனின் சாதனைக்கு முயற்சிப்பார் என்று காசு கொடுத்து வந்திருந்த சொந்த நாட்டுச் சனம் 'ஊ' என்று கூச்சல் போட்டது. அவர் அசையவில்லை. 8.54 ஐ ஒருவரும் தாண்டவும் இல்லை.

எங்கள் ஊர் இல்ல விளையாட்டுப் போட்டியில் இதை யாராவது செய்யலாமா? இல்லத் தலைவன் விடுவானா, பொறுப்பாசிரியர் விடுவாரா? காலில் கொஞ்சம் வேகம் தெரிந்தாலே போதும், அந்தப் பிள்ளை இல்லத்தின் பொதுச் சொத்து. அணிநடையில் கொடி பிடிப்பதும் அவனே. முதல் நாள் இரவு இல்லச் சோடனைக்குத் தென்னோலை இழுத்ததும் அவனே. வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு 400 ஓடி முடித்து மூச்சு வாங்க நிற்பவனை ஒலிவாங்கியில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்: "நீளம் பாய்தல், இறுதி அழைப்பு!" பயிற்சியில் அளந்து வைத்த தூரத்தில் செருப்பை அடையாளமாகப் போட்டுவிட்டு ஓடத் தொடங்குவான். களைத்த காலுக்கு எட்டு குறுகும். பலகைக்கு ஒரு முழம் முன்னாலேயே கால் விழப்போவது அவனுக்கே தெரியும். கடைசி எட்டை நீட்டி எட்டிப் பிடிக்கப் பார்ப்பான், அவ்வளவுதான், வேகம் செத்துவிடும். அடுத்த முறை அடையாளத்தை முன்னுக்குத் தள்ளி வைப்பான், கால் பலகையைத் தாண்டிவிடும், சிவப்புக் கொடி விழும். நாலாமிடம் இப்படித்தான் வருகிறது. பிறகு "இரண்டில் கால் வைத்தாய்" என்று பிள்ளைக்குப் பேச்சு. அவன் வைத்தது ஆறில். அதிலும் மூன்று அவன் கேட்டு வைத்ததல்ல.

(பாய்ந்து விழும் மணற்குழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வருடம் முழுக்கப் புல் மூடிக் கிடந்ததைப் போட்டிக்கு முதல்நாள் மண்வெட்டியால் கொத்திவிட்டால் பாய்தல் வராது, முழங்கால் நோவுதான் வரும். 1958 ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து இலங்கைக்குத் தங்கம் கொண்டுவந்த எதிர்வீரசிங்கத்தின் ஊரில் இதையும் எழுதவேண்டியிருக்கிறது.)

லூயிஸ் ஒன்றும் கோயிலில் வைக்கிற ஆள் இல்லை. 1988 அமெரிக்கத் தெரிவுப் போட்டியில் அவருடைய மாதிரியில் தடைசெய்யப்பட்ட ஊக்கிகள் சிறிதளவு இருந்ததும், தெரியாமல் உட்கொண்டார் என்று அமெரிக்க ஒலிம்பிக் குழு அவரை விட்டுவிட்டதும் 2003 இல் வெளியே வந்தன. அதையும் மகனுக்குச் சொல்லுங்கள். ஆனால் 1984, 88, 92, 96 என்று நான்கு ஒலிம்பிக்கில் தொடர்ந்து நீளம் பாய்தல் தங்கம் என்பதற்கு வேகம் மட்டும் காணாது. வயது ஏற ஏற ஓட்டங்கள் ஒவ்வொன்றாக அவருடைய கையை விட்டுப் போயின. கடைசியில் 35 வயதில் அற்லாண்டாவில் நீளம் பாய்தல் ஒன்றோடு நின்று 8.50 இல் ஒன்பதாவது தங்கத்தை எடுத்தார். ஒன்றைப் பிடிக்க வேண்டிய வயது அது. உங்கள் மகனுடைய வயதல்ல.

அதனால் 100 உம் நீளம் பாய்தலும் இருக்கட்டும், அஞ்சலோட்டமும் இருக்கட்டும். 200 ஐ அவன் விருப்பத்துக்கு விடுங்கள். 400 ஐயும் உயரம் பாய்தலையும் பட்டியலில் இருந்து வெட்டச் சொல்லி இல்லப் பொறுப்பாசிரியரிடம் நீங்களே நேரில் போய்க் கேளுங்கள். பிள்ளையை அனுப்பாதீர்கள், அவனால் மறுத்துப் பேச முடியாது. இல்லத்துக்குப் புள்ளி குறையும் என்பார். குறையட்டும்.